மருந்து கேட்கவில்லை என்றால்...

“எல்லாருக்கும் கேட்கிற மருந்து எங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை?” புற்றுநோய் வந்த குடும்பங்களில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பின்னாலேயே பழியும் வந்துவிடும். மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருக்க மாட்டார், பத்தியம் இருந்திருக்க மாட்டார் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். மாத்திரையைத் தவறவிடுவது கெடுதல்தான். ஆனால், ஒழுங்காகப் போட்டவருக்கும் சில நேரம் மருந்து கேட்பதில்லை.

நம் செல், மரபணுவை அப்படியே பயன்படுத்துவதில்லை. ஆர்என்ஏ என்ற நகலை எடுத்து, வேண்டாத பகுதிகளை வெட்டிவிட்டு, வேண்டியவற்றை ஒட்டுகிறது. இதுதான் ஸ்பிளைசிங். 1977இல் இதைக் கண்டறிந்ததற்காக ஃபிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவருக்கும் 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. சினிமா எடிட்டிங் மாதிரிதான். எடுத்த காட்சிகள் அதேதான். வெட்டி ஒட்டுவதைப் பொறுத்துக் கதை மாறிவிடும்.

‘பிம்’ என்றொரு மரபணு. கெட்டுப்போன செல்லைச் சாகச் செய்வது அதன் வேலை. ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் இமாட்டினிப் மாத்திரை, புற்றுச் செல்லைக் கொல்ல இந்தப் பிம்மைத்தான் நம்பியிருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே இம்மரபணுவில் சுமார் 2,900 எழுத்துகள் இருப்பதில்லை. அதனால் வெட்டி ஒட்டும்போது, சாகச் சொல்லும் துண்டு பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. மருந்து உள்ளே போயும் செல் எளிதில் மடிவதில்லை.

2012இல் இதை வெளியிட்டவர்கள் சிங்கப்பூர் டியூக்-என்யுஎஸ் ஆய்வாளர்கள் தலைமையிலான குழுவினர். கிழக்காசியர்களில் சுமார் 12 விழுக்காட்டினரிடம் இந்த மாற்றம் இருந்தது. ஐரோப்பியரிடமும் ஆப்பிரிக்கரிடமும் காணப்படவில்லை. ஐரோப்பியரை மட்டும் ஆராய்ந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. மரபணு ஆய்வுக்கு ஒப்புதல் கேட்டால், தமிழர்களாகிய நாமும் தயங்காமல் யோசிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். நம் இரத்தம் ஆய்வுக்கூடத்துக்குப் போனால்தானே நமக்குரியது நமக்குத் தெரியும்?

நல்ல செய்தியும் உண்டு. பிம் செய்ய வேண்டிய வேலையைச் செய்யும் இன்னொரு வகை மருந்தைச் சேர்த்தபோது, ஆய்வுக்கூடத்தில் அந்தச் செல்கள் மடிந்தன.

மருந்து கேட்கவில்லை என்று தோன்றினால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். “எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்கிறதா? இல்லையென்றால் அடுத்து என்ன?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். நோயாளியைக் குற்றம் சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள். அவருக்கு நோயின் பாரமே போதும்.