நூலின் இரு முனைகள்

அடிமை முறையை ஒழித்த பெருமை யாரைச் சாரும் என்று கேட்டால், இங்கிலாந்தின் வில்பர்போர்ஸ், கிளார்க்ஸன், அமெரிக்காவின் பிரெடெரிக் டக்ளஸ் ஆகியோரின் பெயர்கள் உடனே நினைவுக்கு வரும். அப்பெருமை அவர்களுக்கு உரியதே. ஆயினும் அக்குரல்களுக்குச் செவிசாய்த்த எளிய உழைப்பாளிகளையும் கூட்டுறவாளராகிய நாம் மறத்தலாகாது.

1859ஆம் ஆண்டில் ஸாரா பார்க்கர் ரிமாண்ட் என்னும் அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி மான்செஸ்டர் நகரில் பேசினார். அந்நகரைச் சூழ்ந்த லங்காஷயர் ஆலைகள் நூற்ற பஞ்சில் பெரும்பகுதி, அமெரிக்கத் தென் மாநிலங்களில் அடிமைகள் விளைவித்ததாகும். பஞ்சு விற்ற பணத்தில் ஒரு காசும் அவர்கள் கைக்கு எட்டுவதில்லை என்று அவர் எடுத்துரைத்தார்.

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. வடபகுதிக் கடற்படை தென் துறைமுகங்களை முற்றுகையிட்டது. பஞ்சு வரவு குன்றியது, ஆலைகள் மூடப்பட்டன, இலட்சக்கணக்கானோர் உதவிப் பணத்தை நம்பி வாழ்ந்தனர். தென்பகுதியை ஆதரிக்க வேண்டும் என்போரும் அங்கு இருந்தனர். ஆயினும் 1862 டிசம்பர் 31 அன்று மான்செஸ்டரில் கூடிய தொழிலாளர், அடிமைகளின் விடுதலையை ஆதரித்து ஆப்ரகாம் லிங்கனுக்கு மடல் விடுத்தனர். அவர்தம் துன்பத்தையும் உறுதியையும் போற்றி, 1863 ஜனவரியில் லிங்கன் விடையெழுதினார். 1865இல் அரசியல் சட்டத் திருத்தத்தால் அந்நாட்டில் அடிமை முறை ஒழிந்தது.

இதே லங்காஷயரின் ராச்டேலில் 1844இல் நெசவாளரும் பிறரும் தொடங்கிய பண்டகசாலையையே நம் இயக்கத்தின் முன்னோடி எனப் போற்றுகிறோம். அம்மண்ணின் மக்கள் பசியிலும் கற்பித்த பாடம் நமக்கு அந்நியமன்று.

நூல் மலிவாய்க் கிடைக்க வேண்டுமென நெசவாளர் விரும்புவது இயல்பே. ஆனால் அம்மலிவு விளைவித்தவர் வயிற்றில் அடித்து வந்ததாயின், அதில் நமக்கு ஆதாயமில்லை. நம் நாட்டில் கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இல் சட்டம் இயற்றப்பட்டது. எனினும், முன்பணம் பெற்று விளைச்சலையோ நெசவுக் கூலியையோ முன்கூட்டியே ஈடுவைக்க நேர்ந்தவர் முழு விடுதலை பெற்றவர் ஆவாரா?

இதற்கு மருந்து நம் கையிலேயே உளது. காலத்தில் கிடைக்கும் சங்கக் கடனும், சங்கத்தின் வழியே நடைபெறும் விற்பனையும் அத்தளையை அறுக்க வல்லன. விளைவிப்போர் சங்கமும் நெசவாளர் சங்கமும் ஆண்டுக்கொரு முறையேனும் ஒருங்கே அமர்ந்து விலையைப் பேசுதல் வேண்டும். நூல் விலையைக் கேட்கும் அங்கத்தினர், அப்பஞ்சை எடுத்தவர் பெற்ற கூலியையும் கேட்பாராக.