டீசலுக்கு வரி, விமானத்துக்கு விலக்கு

பாரிஸ் ஒப்பந்தம் என்று உலகம் அழைத்தாலும், 2015 டிசம்பர் 12 அன்று அது நிறைவேறியது பாரிஸ் நகருக்கு வெளியே, வடகிழக்குப் புறநகரான லெ பூர்ஜேயின் கண்காட்சித் திடலில். அங்கிருந்து ஆர்ஈஆர் பி ரயிலில் இரண்டாவது தரிப்பு லெ பிளாங்-மெனில். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலிலும், உணவகங்களின் சமையலறைகளிலும், அலுவலகத் துப்புரவிலும் உழைக்கும் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் வாழும் ஊர். லெ பூர்ஜேக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பெருமுதலாளிகளும் நிறுவனத் தலைவர்களும் ஏறும் தனியார் ஜெட் விமானங்கள் ஐரோப்பாவிலேயே அதிகமாக வந்துபோகும் நிலையம் அங்கேதான் இருக்கிறது. புவி வெப்பத்தை 1.5 பாகைக்குள் நிறுத்தப் பாடுபடுவோம் என்று உலகத் தலைவர்கள் கைதட்டி மகிழ்ந்த மண்டபமும் அந்த ஓடுபாதையும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. காலநிலை நெருக்கடிக்கு இன்றைய பொருளாதாரம் சொல்லும் பதிலில் எங்கே கோளாறு என்று பார்க்க, இந்தச் சின்ன வட்டாரமே போதுமானது.

ருவாசியிலுள்ள சார்ல் து கோல் விமான நிலையத்தில் பல வேலைகள் முதல் ரயில் ஓடுவதற்கு முன்பே தொடங்கிவிடும். இரவுப் பேருந்து எல்லோருடைய தெருவுக்கும் வராது. எனவே விமானத்துக்குள் துப்புரவு செய்யப் போகும் ஒருவருக்குப் பழைய டீசல் கார் ஆடம்பரப் பொருளல்ல. அது இல்லாவிட்டால் வேலையே இல்லை. அவர் அடிக்கும் ஒவ்வொரு லீட்டர் டீசலிலும் ஏறத்தாழ 60 சதம் எரிபொருள் வரியாகப் போகிறது. அந்த வரியின் மேலும் 20 விழுக்காடு பெறுமதி சேர் வரி விழுகிறது, வரிக்கே வரி. அவர் இருக்கைகளைத் துடைத்துக் குப்பையை அள்ளிக்கொண்டு இறங்கிய பிறகு அந்த விமானத்துக்கு நிரப்பப்படும் எரிபொருளுக்கோ இந்த வரி ஒரு சதமும் கிடையாது. 1944-இன் சிக்காகோ உடன்படிக்கையிலிருந்து வளர்ந்துவந்த வழக்கத்தை, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு எரிசக்தி வரி ஆணை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. ஐரோப்பாவுக்குள் பறக்கும் விமானங்களுக்கு உமிழ்வு அனுமதிகளை வாங்கும் கடமை உண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கண்டம் விட்டுக் கண்டம் போகும் பறப்புகளுக்கு அதுவும் இல்லை. அதிகம் எரிப்பவருக்கு அதிக விலை என்பது கரிம வரியின் கோட்பாடு. நடைமுறையில் விலை விழுவது தப்பிக்க வழியில்லாதவர் தலையில்.

பிரான்ஸ் இந்தப் பாடத்தை ஒருமுறை தெருவிலேயே கற்றது. 2014-இல் ஒரு தொன் கரியமில வாயுவுக்கு 7 யூரோ என்று தொடங்கிய கரிம வரி, 2018-இல் 44.60 யூரோவுக்கு ஏறியிருந்தது. 2022-இல் 86 யூரோவைத் தாண்டுவதாகத் திட்டம். அதே 2018-இல்தான் பெருஞ்செல்வர்கள் மீதான சொத்து வரி எடுக்கப்பட்டு, வீடு, நிலம் ஆகியவற்றுக்கு மட்டுமான வரியாகச் சுருக்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பர் 17 அன்று மஞ்சள் மேலங்கிகளோடு மக்கள் சுற்றுவட்டச் சந்திகளை மறித்தார்கள். மூன்று வாரம் முடிவதற்குள் அரசு வரி உயர்வை நிறுத்தியது. கரிம வரி அன்று நின்ற 44.60-இலேயே உறைந்து கிடக்கிறது. பூமியைப் பற்றிக் கவலையில்லாத கூட்டம் என்று அவர்களைத் தொலைக்காட்சிகளில் ஏளனம் செய்தவர்கள் பலர். அந்தக் கணிப்பு தவறு. சீட்டுப்போட்டுத் தெரிந்தெடுக்கப்பட்ட 150 சாதாரணக் குடிமக்களை அரசே அடுத்த ஆண்டு கூட்டி, காலநிலைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டது. 2020 ஜூனில் அவர்கள் 149 முன்மொழிவுகளை எழுதிக் கொடுத்தார்கள், பல அரசியல்வாதிகள் வாயெடுக்கவே தயங்குபவை. ஆண்டுக்கு 1 கோடி யூரோவுக்கு மேல் பங்காதாயம் கொடுக்கும் நிறுவனங்களிடம் அதில் 4 விழுக்காட்டை இந்த மாற்றத்துக்காக வாங்குங்கள் என்பது அவற்றில் ஒன்று. ஜனாதிபதி மக்ரோன் மூன்றை நேரடியாக ஒதுக்கினார். ஒதுக்கப்பட்டவற்றுள் இதுவும் இருந்தது. ஏனையவற்றிலும் பல, 2021-இன் காலநிலைச் சட்டமாக வருவதற்குள் நீர்த்துப்போயின.

என் வாதம் வரிசை பற்றியது. மாற்றுவழியை முதலில் கட்ட வேண்டும், அதற்கான செலவை வசதியுள்ளவர்களிடம் வாங்க வேண்டும், விலையேற்றமும் தடையும் அதற்குப் பிறகே வர வேண்டும். இப்போது நடப்பது தலைகீழ். 2025 ஜனவரியிலிருந்து பாரிஸ் பெருநகரின் குறைந்த உமிழ்வு வலயத்துக்குள், கார்க் கண்ணாடியில் ஒட்டும் வில்லையில் 3 என்று எண்ணிட்ட வாகனங்களும் வார நாட்களில் காலை 8 முதல் இரவு 8 வரை வரக்கூடாது என்றார்கள். 2011-க்கு முன் பதிவான டீசல் வாகனங்கள் அதில் அடங்கும். ஏ86 பெருந்தெருவுக்கு வெளியேயுள்ள லெ பிளாங்-மெனில்காரர் காரை வீட்டு வாசலில் வைத்திருக்கலாம், உழைக்கப் போகும் நகரத்துக்குள் கொண்டுபோக முடியாது என்பதே அதன் பொருள். மே மாதமே தேசிய சட்டமன்றம் அந்த வலயங்களை ஒழிக்க வாக்களித்தது. தீவிர வலதும் தீவிர இடதும் ஒரே பக்கம் கை தூக்கின. காற்றைச் சுத்தப்படுத்தும் நல்ல நோக்கம், ஏழைக்கு எதிரான சட்டம் என்ற பெயரை வாங்கிக்கொண்டு படுத்தது. இலங்கையில் 2021-இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்திய கதையும் இதே வகை. கையிருப்பில் மாற்று உரமும் இல்லை, விவசாயிக்குப் பயிற்சியும் இல்லை. நவம்பரில் அரசே பின்வாங்கியது. நெல் விளைச்சலோடு சேர்ந்து இயற்கை வேளாண்மையின் நற்பெயரும் சரிந்தது.

வரிசை சரியாக அமைந்ததற்கும் இங்கேயே உதாரணம் இருக்கிறது, அதை யாரும் காலநிலைக் கொள்கை என்று பேசுவதில்லை. 2015 செப்டம்பர் வரை பாரிஸ் பிராந்தியத்தின் எல்லா மண்டலங்களுக்குமான நவிகோ மாத அட்டை 116.50 யூரோ. பாரிஸின் நடுவில் வசிப்பவருக்கு 70. வாடகை கட்டுப்படியாகாமல் தூரப் போனவர் பயணத்துக்கும் கூடுதலாகக் கொடுத்தார். செப்டம்பர் 1 முதல் எல்லோருக்கும் 70 என்றானது. அந்த விலை பிறகு ஏறி 2025-இல் 88.80-ஐத் தொட்டது என்றாலும், தூரத்துக்கு அபராதம் என்ற ஏற்பாடு ஒழிந்தது. அட்டையின் பாதிச் செலவை வேலை கொடுப்பவர் தரச் சட்டம் உண்டு. அதைவிட முக்கியம், 11 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் சம்பளத் தொகையின் மீது கட்டும் போக்குவரத்து வரி. ரயிலும் பஸ்ஸும் ஓடும் செலவில் பெரும் பங்கை அதுவே தாங்குகிறது. பயணியின் பையை மட்டும் நம்பாமல், தொழிலாளர் நேரத்துக்கு வந்துசேர்வதால் இலாபம் பார்ப்பவரிடமும் வாங்கும் முறை இது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வந்தபோது, கரிம உமிழ்வு பற்றி யாரும் பேசவில்லை. ஆனாலும் பொதுப் போக்குவரத்தை மக்கள் தேடிப்போகச் செய்த திட்டம் அது. அதற்கு எதிராகப் பெரும் போராட்டம் எதுவும் எழவில்லை.

புதிதாகக் கட்டுவதிலும் யார் முதலில் என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. லெ பிளாங்-மெனிலுக்குத் தனி நிலையத்தோடு வரவேண்டிய 16-ஆம் மெட்ரோ தடம் 2024 ஒலிம்பிக்குக்கு முன் ஓடும் என்றார்கள், பிறகு 2026 என்றார்கள், இப்போது 2027 என்கிறார்கள். அதே 2027-க்குத் தயாராகும் இன்னொரு ரயில் சார்ல் து கோல் எக்ஸ்பிரஸ். பாரிஸ் எஸ்ட் நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு 20 நிமிடத்தில் போகும். பயணச்சீட்டு 20 யூரோவுக்கு மேல். இந்தப் புறநகர்களின் ஊடாகவே தண்டவாளம் போனாலும் வழியில் ஒரு தரிப்பிலும் நிற்காது. காரைக் கைவிடுங்கள் என்று புத்தி சொல்லப்படும் மக்களின் யன்னலோரமாக அது பறந்து போகும்.

விலையேற்றம் வேலை செய்யும் என்பதற்குச் சுவீடனைக் காட்டுவார்கள். 1991 முதல் கரிம வரி, இன்று தொன்னுக்கு 100 யூரோவுக்கு மேல், நாடு கலவரப்படவில்லை. உண்மை. ஆனால் சுவீடனின் நகரசபைகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே குழாய் வழியாக வீடுகளுக்கு வெந்நீர் கொண்டுபோகும் பொது வெப்ப அமைப்பைக் கட்டியிருந்தன, வரி வந்தபோது எண்ணெய்க் கொதிகலனை விட்டு மாற ஓர் இடம் இருந்தது. வருமான வரியும் அப்போது குறைக்கப்பட்டது. சரி, வரியை வாங்கி அதை மக்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டால்? கனடா 2019 முதல் அதைச் செய்து பார்த்தது. பெரும்பாலான குடும்பங்கள் எரிபொருளில் கட்டியதைவிடக் கூடுதலாகவே திரும்பப் பெற்றன. அப்படியிருந்தும் 2025 ஏப்ரல் 1 அன்று பிரதமர் மார்க் கார்னி அந்தக் கட்டணத்தை நீக்கினார். பெற்றோல் நிலையத்தில் வாரந்தோறும் கண்ணில் படும் விலைக்கு முன்னால், வங்கிக் கணக்கில் மூன்று மாதத்துக்கொருமுறை சத்தமில்லாமல் விழும் தொகை அரசியலில் நிற்கவில்லை. கண்முன் வந்து நிற்கும் பஸ்ஸின் நிலை வேறு.

பணம் எங்கே என்பது நேர்மையான கேள்வி. மக்ரோனின் 2017 தேர்தல் பொருளாதாரத் திட்டத்தை வகுத்தவரான ஜான் பிசானி-ஃபெரி, செல்மா மஃபூசுடன் 2023 மே மாதம் கொடுத்த அறிக்கை இதைக் கணக்குப் போட்டிருக்கிறது. 2030 வாக்கில் ஆண்டுக்குக் கூடுதலாக 66 பில்லியன் யூரோ முதலீடு வேண்டும், அதில் பாதி அளவு அரசின் கையிலிருந்து வர வேண்டும். கடனோடு, செல்வத்தில் மேலேயுள்ள 10 விழுக்காட்டினரின் நிதிச் சொத்து மீது ஒருமுறை மட்டுமான வரியையும் பரிந்துரைத்தார்கள். இடதுசாரிக் கைகள் எழுதிய அறிக்கையல்ல அது. அரசு உடனே மறுத்துவிட்டது. முதலீடு ஓடிவிடும் என்பது வழக்கமான காரணம். அந்தப் பயத்துக்கு ஓரளவு அடிப்படையும் உண்டு, ஒருமுறை வரி இருமுறையாகாது என்று செல்வர்கள் நம்பமாட்டார்கள். அதற்கு எதிரே 2018-இன் செலவையும் வைத்துப் பார்க்க வேண்டும். கீழிருப்பவரிடம் வாங்கப் பார்த்ததில் கரிம வரியின் உயர்வே இல்லாமல் போயிற்று. வளர்ச்சியையே கைவிட வேண்டும் என்ற இன்னொரு குரலும் இருக்கிறது. வறுமை ஏறத்தாழ 28 விழுக்காடாக, பிரான்சின் பெருநிலப்பரப்பிலேயே மிக அதிகமாக உள்ள, லெ பூர்ஜேயும் லெ பிளாங்-மெனிலும் அடங்கிய சேன்-சன்-தெனி மாவட்டத்தில் அந்த வாதத்தை எடுக்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

விமான எரிபொருளுக்கு வரி போட்டால் நம் ஊர்ப் பயணம் என்னாகும், லாச்சப்பலில் முருங்கைக்காயும் வல்லாரையும் என்ன விலைக்குப் போகும் என்று வாசகர் கேட்பார். விலை கூடும். இலங்கையின் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து பறந்து வரும் மரக்கறி இவ்வளவு மலிவாகக் கிடைப்பதில் அந்த வரிவிலக்குக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க முடியாது. ஆனால் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அம்மாவைப் பார்க்கப் போகும் பயணத்தையும் மாதம் இருமுறை பறக்கும் பயணத்தையும் ஒரே தட்டில் வைக்க அவசியமில்லை. ஒருவரின் முதல் பயணத்துக்குக் குறைவாகவும் அடுத்தடுத்தவற்றுக்கு ஏறிக்கொண்டே போவதாகவும் கட்டணம் அமைக்கலாம். தனியார் ஜெட்டுக்கு வேறு அட்டவணை. பிரான்ஸ் ஏன் மாற வேண்டும், அதன் உமிழ்வு உலகில் 1 விழுக்காடுதானே என்பதும் முழுக் கணக்கல்ல. நாட்டுக்குள் 1990 முதல் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருக்கிறது, ஆனால் பிரெஞ்சு மக்களின் நுகர்வு உண்டாக்கும் உமிழ்வில் பாதிக்கும் மேல் இறக்குமதிப் பொருள்களோடு வருவது. அந்தப் புகை வேறு நாட்டின் பேரேட்டில் எழுதப்படுகிறது.

அடுத்த மோதலின் தேதி ஏற்கெனவே குறிக்கப்பட்டுவிட்டது. கார் எரிபொருளுக்கும் வீட்டு வெப்பமூட்டலுக்குமான ஐரோப்பியக் கரிமச் சந்தை 2027-இல் தொடங்கவிருந்தது. 2028-க்குத் தள்ளிவைக்க ஒன்றியம் இசைந்திருக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர் கொதிகலனையும் மாற்ற முடியாது, சுவருக்குக் காப்பும் போட முடியாது. அவை வீட்டு உரிமையாளரின் கையில் உள்ளவை, எரிவாயுக் கட்டணம் மட்டும் இவருடையது. இதற்கு ஈடாக 2026 முதல் 2032 வரை 86.7 பில்லியன் யூரோ வரையான சமூகக் காலநிலை நிதி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதை எப்படிச் செலவழிப்பது என்ற திட்டத்தை ஒவ்வொரு நாடும் எழுதிக் கொடுக்க வேண்டும். பிரான்சின் திட்டத்தில் வாடகைக் குடியிருப்புகளின் சுவர்க்காப்புக்கும் விடிகாலைப் பேருந்துகளுக்கும் எவ்வளவு, புதிய மின்கார் வாங்கக்கூடியவருக்கான மானியத்துக்கு எவ்வளவு என்ற இரண்டு தொகைகளைத்தான் சேன்-சன்-தெனியின் மக்கள் பிரதிநிதிகளிடம் இப்போதே கேட்க வேண்டும்.