ஒரு கோப்புக்கு இருவர் உரியராதல் தகுமோ?

கணிப்பொறிக் கலை பயிலும் மாணாக்கர் இந்நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைக் கையாளுகின்றனர். அவற்றுள் ஒன்று, 1972-ஆம் ஆண்டளவில் டென்னிஸ் ரிச்சி என்பார் ஆக்கிய சி மொழி. மற்றொன்று, 1990-இல் முதன்முதல் வரையறுக்கப்பட்ட ஹாஸ்கெல். கணிதச் சார்புகளைப் போல நிரலை அமைப்பது. நம் தாம்பரத்துக்குத் தென்கிழக்கே சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தில் இது கற்பிக்கப்பட்டு வருகின்றது. ஹாஸ்கெலில் எழுதுவோர், சியில் முன்னரே எழுதப்பட்ட நிரல்களின் துணையை நாடுதல் இயல்பே. அங்ஙனம் நாடுங்கால், ஹாஸ்கெல் திறந்த கோப்பைச் சியினிடம் ஒப்படைப்பது எவ்வாறு என்னும் வினா எழுகின்றது.

யூனிக்ஸ் முறையில், ஒரு நிரல் திறந்த கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஹாஸ்கெல் அவ்வெண்ணை ஹேண்டில் என்னும் கைப்பிடிக்குள் மறைத்து, எழுத வேண்டியவற்றை பஃபர் என்னும் தேக்கத்தில் திரட்டி வைக்கின்றது. சியோ தனக்கென வேறொரு தேக்கம் உடையது. இருவரும் ஒரு கோப்பில் எழுதப் புகின், முன்னர் எழுதிய வரி பின்னர் எழுதியதற்குப் பின்னே வந்து நிற்கும்.

இதனினும் பெரிய தீங்கொன்று உண்டு. கைப்பிடியைத் துறவாமலே, அதனுள்ளிருந்து 5 என்னும் எண்ணை மட்டும் எடுத்துச் சியினிடம் கொடுத்தோமென்க. நிரலில் எவ்விடத்தும் சுட்டப்படாத கைப்பிடியை ஜி.எச்.சி. என்னும் ஹாஸ்கெல் அமைப்பு தானே மூடிவிடும். அடுத்துத் திறக்கப்படும் கோப்புக்கு, ஒழிந்துள்ள எண்களுள் மிகச் சிறியது கிடைக்கும். அது 5 ஆகவே இருக்கலாம். அதனையறியாத சி, பிறிதொரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். பிழையென்று அறிவிப்பாரும் இரார். அழிந்தது ஒரு நோயாளியின் குறிப்பாயின், ஓர் ஏழையின் வங்கிக் கணக்காயின், அதற்கு யார் பொறுப்பு?

ஆதலின், ஹாஸ்கெலின் யூனிக்ஸ் நூலகத்திலுள்ள 'ஹேண்டில் டு எஃப்டி' என்னும் சார்பு, தேக்கத்திலுள்ளதை வெளியேற்றி, கைப்பிடியை மூடிய பின்னரே எண்ணைத் தருகின்றது. இது வீண் கெடுபிடி என்று இளைஞர் சிலர் குறைகூறுவர். நாம் அதனை அறமென்றே கொள்ளுகின்றோம். ஒற்றை இருப்புப்பாதையில் வண்டியோட்டிக்கு டோக்கன் கொடுக்கும் பழைய முறையை, இரயிலடியைச் சூழ வாழும் நாம் அறிவோம். அது ஒருவர் கையிலுள்ளவரை மற்றொருவர்க்குக் கிடையாது. அவ்வூர்ப் பயணிகளின் உயிர்க்கு அதுவே காப்பு.

எண்ணை இரட்டித்துக்கொண்டால் இருவர்க்கும் ஆகாதோ எனின், ஒருவர் மூடினும் மற்றவர் எண் நிலைக்கும் என்பது மெய்யே. ஆயினும் கோப்பில் எழுதும் இடம் இருவர்க்கும் பொதுவாதலின், வரிகள் கலக்கும் இடர் நீங்காது. எழுதுந்தோறும் தேக்கத்தை வெளியேற்றுவோம் என்பாரும் உளர். ஒருநாள் மறப்பின் என்செய்வது?

மொழிகளைத் தனித்தனியே கற்பிப்பதோடு நில்லாது, அவை சந்திக்கும் எல்லையையும் நம் வகுப்புக்களில் கற்பித்தல் வேண்டும். கொடுப்பவர் முழுதும் கொடுக்க. பெறுபவர் மூடும் கடமையையும் சேர்த்துப் பெறுக. இதுவே எம் துணிபு.