கரும்புகை இழுவை அல்ல

"புகை தள்ளினால்தான் வண்டி இழுக்கும்." எலவனாசூர்கோட்டை தொடங்கி கல்வராயன் மலை அடிவாரம் வரை, லாரி வைத்திருப்பவர்கள் பலரிடம் இந்த நம்பிக்கை வேரோடிக் கிடக்கிறது. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகளில் பாரத்தோடு திணறிய வண்டிக்கு, துளை பெரிதாக்கிய நாசிலோ, வெளிச்சந்தை இன்ஜெக்டரோ மாட்டினால் பலம் கூடிவிடும் என்கிறார்கள். பழைய வண்டி விற்பவரும் "பம்பு ஏத்தி வெச்சிருக்குண்ணே, மலையில பாருங்க" என்று, டீசல் அளவைக் கூட்டியதையே சிறப்பாகச் சொல்லி விலை பேசுகிறார். சிறப்பு என்று அவர் சொல்லும் அந்தச் சாமான்தான் எஞ்சினை அரித்துக்கொண்டிருக்கிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை பிறந்த இடம் எனக்குப் புரிகிறது. டீசல் கூடினால் முதலில் இழுவை கூடத்தான் செய்யும், ஆனால் காற்று போதுமான அளவுக்கு இருக்கும்வரைதான். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ பதினாலரைக் கிலோ காற்று வேண்டும். சிலிண்டருக்குள் இரண்டும் சீராகக் கலப்பதில்லை என்பதால், நடைமுறையில் அதற்கும் மேலே வேண்டும். டர்போ தருகிற காற்றைக் கணக்கிட்டுத்தான் கம்பெனி டீசல் அளவை வைக்கிறது. அந்த எல்லையைத் தாண்டி ஊற்றிய டீசல் கரியாகி சைலன்சர் வழியே போகிறது. அது உங்கள் காசு.

போகிற போக்கில் அது செய்கிற சேதம் அதைவிடப் பெரிது. பிஸ்டன் தலையும் டர்போவும் தாங்க முடியாத சூட்டுக்குப் போகின்றன. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஆயிலோடு கலக்கிறது. டிப்ஸ்டிக்கில் மட்டம் குறையாததைப் பார்த்து, "ஆயில் குடிக்காத வண்டி" என்று ஓட்டுநர் மகிழ்ந்துபோகிறார். நீர்த்துப்போன அந்த ஆயிலில்தான் பேரிங் தேய்கிறது. பி.எஸ்.6 வண்டி என்றால் புகை வெளியே தெரியாது. கரி முழுவதும் புகைக்குழாய் ஃபில்டரில் போய் அடைத்துக்கொள்ளும்.

பழைய மைக்கோ பம்பு வண்டிகளில் நாசில் திறக்கும் அழுத்தம் 200, 250 பார் அளவில்தான். அந்தக் காலத்துக் கைப்பழக்கம் இன்றைக்கும் தொடர்வதுதான் என் பெரிய கவலை. பி.எஸ்.4, பி.எஸ்.6 லாரிகளில் பெரும்பாலும், எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் காமன்ரெயில் வந்துவிட்டது. அதில் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும். லாரி டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய இருநூறு மடங்கு. உள்ளே இருக்கும் ஊசிக்கும் அதன் உறைக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளிதான். இதில் போய்த் துளையைப் பெரிதாக்குவதை என்னால் வேலைத்திறன் என்று ஏற்க முடியவில்லை.

வாங்கும்போது கண்டுபிடிக்க வழி இருக்கிறது. இன்ஜெக்டர் உடம்பில் இருக்கும் பார்ட் எண் எல்லா சிலிண்டருக்கும் ஒன்றாகவும், அந்த எஞ்சினுக்கு உரியதாகவும் இருக்க வேண்டும். அரத்தால் தேய்த்து அழித்திருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பாஷ் நாசிலில் டி.எல்.எல்.ஏ. எழுத்துகளை அடுத்து வரும் எண், டீசல் விசிறும் கோணம். கோணம் மாறினால் பிஸ்டன் குழிக்குள் விழ வேண்டிய டீசல் ஓரத்தில் விழும். காமன்ரெயில் இன்ஜெக்டர் பலவற்றில் திருத்தக் குறியீடு பொறித்திருக்கும். ஸ்கேனரைச் செருகி, அதே குறியீடு எஞ்சின் கணினியான ஈ.சி.எம்.மில் ஏற்றியிருக்கிறதா என்று பாருங்கள். ஐடிலிங்கில் ஒரு சிலிண்டருக்கு மட்டும் திருத்த அளவு விலகி நின்றாலோ, ரிட்டர்ன் டீசல் ஒன்றில் மட்டும் கூடுதலாக வந்தாலோ, கழற்றிச் சோதனை பெஞ்சில் போடாமல் முடிவு செய்யக் கூடாது.

கழற்றுவதிலும் பழைய பழக்கம் ஆபத்து. எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு பைப்பாக லூஸ் செய்து மிஸ்ஸிங் பார்ப்பது பழைய பம்பில் நடந்தது. காமன்ரெயிலில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். எஞ்சினை நிறுத்தி, ரெயிலில் அழுத்தம் இறங்கிய பிறகே பைப்பில் கைவைக்க வேண்டும். சுற்றியுள்ள மண்ணை முதலில் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். கரி பிடித்து இறுகிய இன்ஜெக்டரைக் கடப்பாறையால் நெம்பாமல், அதற்குரிய புல்லரால் நேராக இழுக்க வேண்டும். அடியில் செம்பு வாஷர் தங்கிவிட்டதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, புது வாஷர் போட்டே மாட்டுங்கள். குறியீடு உள்ள இன்ஜெக்டராக இருந்தால், புதியதன் குறியீட்டை ஏற்றாமல் வேலை முடிந்ததாகாது.

கம்பெனி இன்ஜெக்டர் விலை அதிகம்தான், மறுக்கவில்லை. முறையாகப் புதுப்பித்து, பெஞ்ச் ரிப்போர்ட்டோடு வரும் இன்ஜெக்டரை நானும் ஏற்கிறேன். ரிப்போர்ட் இல்லாத பொருளைத்தான் எதிர்க்கிறேன். சேதம் எஞ்சினோடு நிற்பதில்லை: டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் சாலையோரத்தில் இருப்பவர்களும் பின்னால் பைக்கில் வருகிறவர்களும்தான். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, புகை வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

பழைய லாரிக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "பம்பு ஏத்தியது" என்று விற்பவர் சொன்னால், கூட்டிக் கேட்கும் விலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். புது இன்ஜெக்டர் மாட்டுகிற செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.