கணிப்பொறியைப் புதுப்பிக்குமுன்

கணிப்பொறி இன்று நம் வீட்டுப் பொருள்களுள் ஒன்றாகிவிட்டது. பல்லடத்தில் விசைத்தறிக் கூடத்தின் கூலிக் கணக்கும் கோழிப்பண்ணையின் தீவனக் கணக்கும் அதில்தான் ஏறுகின்றன. பிள்ளைகளின் பாடக் குறிப்பும் திருமண வீட்டுப் படங்களும் அதிலேயே உறைகின்றன. அப்பொறி மந்தமுற்றாலோ, மின்சாரம் இடையில் நின்று மீண்டபின் எழ மறுத்தாலோ நாம் கைக்கொள்ளும் மருந்து ஒன்றே: உள்ளிருக்கும் இயக்க முறைமையை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுதல். 'ஃபார்மட் செய்து ஓ.எஸ். போடுவது' என்பது ஊர் வழக்கு.

நமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றபின் பல்லட வட்டாரத்துப் பழமொழிகளையும், தறிக்காரரும் குடியானவரும் வழங்கும் சொற்களையும் எட்டாண்டுக் காலம் தொகுத்து வந்தார். முதுமையிலும் தட்டச்சு பழகி, அனைத்தையும் வீட்டுக் கணிப்பொறியில் தம் கையாலேயே ஏற்றினார். ஒருநாள் பொறி நின்றது. பழுது நீக்கும் கடைக்கு எடுத்துச் சென்றபோது நாமும் உடன் சென்றிருந்தோம். கடையிலிருந்த இளைஞர் பணிவாகவே கேட்டார்: "ஏனுங்கய்யா, டேட்டா ஏதாச்சும் வேணுங்களா?"

"அதெல்லாம் எதுக்கு கண்ணு, வேண்டாம். இருக்கறது ஓடுனாப் போதும்" என்றார் ஐயா.

கூடுதல் விலைக்கு ஏதோ ஒரு பொருளை விற்க முனைகிறார்கள் என்று அவர் எண்ணிவிட்டார். 'டேட்டா' என்பது தம் எட்டாண்டு உழைப்பின் பெயர் என்பதை அவர் எவ்வாறு அறிவார்? அறிந்திருந்த நாமோ கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தோம். மாலையில் பொறி புத்தம் புதிதாக வீடு வந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

அவ்விளைஞரைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. அவர் கேட்கத்தான் செய்தார். கேட்ட மொழி பயன்படவில்லை. "நீங்கள் எழுதியவை, படங்கள் ஏதேனும் உள்ளே உள்ளனவா? எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்டிருப்பின் அந்த நூல் பிழைத்திருக்கும். கலைச்சொல்லாக்கம் பற்றிக் கருத்தரங்குகளில் நாம் நீளப் பேசுகிறோம். கடைத்தெருவில் கேட்கப்படும் இவ்வொரு வினாவைத் தமிழாக்கித் தந்தோமா?

தொழில்நுட்பம் கடினமானதன்று. பொறியின் வட்டினை 'சி', 'டி' எனப் பகுத்து வைப்பர். இயக்க முறைமை குடியிருப்பது 'சி'யில். திரை முகப்பில் நாம் இட்டு வைப்பனவும் ஆவணங்களுக்கென உள்ள உறையும் பெரும்பாலும் அதே 'சி'யில்தான் உள்ளன. அதனை அழித்தால் இவையும் உடன் போகும். விரைவு முறையில் அழிக்கும்போது பெரும்பாலும் அட்டவணைதான் நீங்குகிறது. எழுத்துகள் வட்டில் சிலகாலம் கிடக்கும். புதியன அவற்றின்மேல் பதியுமுன் பொறியை நிறுத்தினால், மீட்கும் மென்பொருள் கொண்டு ஒரு பகுதியேனும் பெறலாம். ஐயா இழப்பை உணர்ந்ததோ மூன்று வாரம் கழித்து! அதற்குள் பேரப்பிள்ளைகள் திரைப்படங்களை நிரப்பிவிட்டனர்.

தமிழுக்கு மட்டும் இங்கே மற்றொரு கண்ணியும் உண்டு. கோப்பு பிழைத்தாலும் எழுத்துருவும் 'சி'யோடு போய்விடும். 'பாமினி' போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. பாமினியில் அடித்த 'தமிழ்' என்னும் சொல், அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகக் காட்சி தரும். குப்பை என்றெண்ணி அதனைத் துடைத்தெறிந்தோர் பலர். அது குப்பையன்று; மாற்றி மென்பொருளில் இட்டால் நொடியில் தமிழாகும்.

இக்குழப்பம் தீர 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்இணையம் 99 மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியேற்றத்துக்கும் தரம் வகுத்தது. 1991 முதலே தமிழுக்கு இடமளித்திருந்த ஒருங்குறியைத் தமிழக அரசு 2010 சூன் மாதம், நம் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த காலத்தில் ஏற்றுக்கொண்டது. அதிராம்பட்டினத்து உமர்தம்பி அவர்களை இங்கே நினையாதிருத்தல் நன்றி மறத்தலாகும். 2006-இல் மறைந்த அப்பெருமகனார் 'தேனீ' முதலிய ஒருங்குறி எழுத்துருக்களையும் மென்கருவிகளையும் ஆக்கி இலவசமாகவே வழங்கினார்.

ஏடு செல்லரிக்குமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதியது நம் முன்னோர் மரபு. பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டது அதன் பின்னரே. பெயர்த்தெழுதாமலே விட்ட ஊர்களும் உண்டு, உ.வே.சாமிநாதையர் அலைந்து வருந்தியது அதனாலன்றோ? ஓ.எஸ். போடும் ஒவ்வொரு முறையும் நாம் ஆற்றங்கரையில்தான் நிற்கிறோம்.

இது உடனடித் தேவையும் ஆகும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. பழைய பொறிகள் பல பதினொன்றை ஏற்கும் தகுதியற்றவை. லினக்சுக்கு மாறுவோரும் புதுப்பொறி வாங்குவோரும் பழையதைத் துடைக்கத்தான் போகிறார்கள். எனவே நம் தமிழ்த்துறைக்கு ஒரு வேண்டுகோள்: கணிப்பொறித் துறை மாணவரைத் துணைகொண்டு ஆண்டுக்கு ஒருநாள் கல்லூரிக் கதவைத் திறந்து வையுங்கள். ஊர்ப் பெரியோர் தம் பழைய வட்டுகளைக் கொண்டுவரட்டும். அவற்றிலுள்ள தமிழை ஒருங்குறிக்கு மாற்றி, ஒரு படியை அவர் கையிலும் ஒரு படியை நூலகத்திலும் வைப்போம். நம் துறையின் பழைய மலர்களிலிருந்தே தொடங்கலாம். அவற்றின் மூலக் கோப்புகள் எப்பொறியில், எவ்வெழுத்துருவில் உள்ளன என்று கேட்டால் நம்முள் எத்தனை பேருக்கு விடை தெரியும்?

ஐயாவிடம் முன்னர் அச்செடுத்து வைத்திருந்த நாற்பது பக்கங்கள் மட்டும் எஞ்சின. பாவு ஓட்டுதல் பற்றிய சொற்கள் வரை அதில் உள்ளன. ஏர்த்தொழில் பகுதி முழுதும் போயிற்று. சொல்லிக் கொடுத்த முதியவருள் இருவர் இப்போது இல்லை. ஐயா மறுபடி எழுதத் தொடங்கியிருக்கிறார், இம்முறை கோடு போட்ட நோட்டில். வாரந்தோறும் சென்று அதனை ஒருங்குறியில் ஏற்றித் தருவது நம் பங்கு.