தூக்கு கேட்கிறோம், விசாரணை கேட்டோமா?

 

2024 மார்ச் மாதம் முத்தியால்பேட்டையில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் ஊர் எல்லையைத் தாண்டினால் அந்தத் தெருக்கள்தாம். ஒன்பது வயதுச் சிறுமி காணாமல் போனாள். மூன்றாம் நாள் சாக்கடைக் கால்வாயில் பிணமாகக் கிடந்தாள். புதுவையே கொதித்தது. கடைகள் அடைக்கப்பட்டன. கோட்டக்குப்பத்துத் தேநீர்க் கடைகளிலும் அதே பேச்சுதான். "விசாரணை எதற்கு? நடுத்தெருவில் தூக்கில் போடு!"

அந்தக் கோபம் நியாயமானது. பெண் பிள்ளை பெற்ற எவருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் கைதான இருவரில் வயதானவர் 2024 செப்டம்பரில் காலாப்பட்டு மத்திய சிறையில் இறந்துபோனார். தற்கொலை என்றார்கள். "சனியன் தொலைந்தது" என்று சொன்னவர்கள் நம்மிலும் உண்டு. நீதிமன்றத்தில் அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எத்தனை? காவலில் இருந்த மனிதனை விசாரணை முடியும்வரை உயிரோடு வைத்திருக்க அரசால் ஏன் முடியவில்லை? இதை யார் கேட்டார்கள்? புதுவையிலிருந்து காலாப்பட்டுக்குப் போகும் கைதி வண்டி நம் ஊர்ச் சாலை வழியாகத்தான் போகிறது. அதைப் பார்த்துக்கொண்டே நாம் வியாபாரம் செய்கிறோம்.

தூக்கு கேட்பது எளிது. ஆனால் அந்தக் கூச்சலில் யார் தப்பித்துக்கொள்கிறார்கள் என்பதைச் சற்று நிதானமாகப் பாருங்கள்.

2017 பிப்ரவரியில் சென்னை முகலிவாக்கத்தில் ஒரு சின்னஞ்சிறு பெண் குழந்தை கொல்லப்பட்டாள். பக்கத்து வீட்டு வாலிபர் கைது செய்யப்பட்டார். நாடே தூக்கு கேட்டது. செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தூக்குத் தண்டனை விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்துவிட்டது!

ஏன்? குற்றச்சாட்டு பதிவு செய்யப்பட்ட நாளில் அவருக்கு வழக்கறிஞரே இல்லை. பின்னர் இலவச சட்ட உதவியில் வந்த வழக்கறிஞருக்கு வழக்கைப் படிக்கப் போதிய அவகாசம் தரப்படவில்லை. போலீஸ் பெரிதாகப் பேசிய கண்காணிப்புக் கேமராக் காட்சி நீதிமன்றத்தில் முறைப்படி சாட்சியமாக வைக்கப்படவே இல்லை. குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்ன அன்றே தூக்கும் எழுதப்பட்டது. இத்தனை ஓட்டைகளையும் மூடியது எது? ஊர் கேட்ட தூக்குத்தான். வேகமாகத் தண்டனை வாங்கித் தந்தால் கைதட்டல் கிடைக்கும் என்று தெரிந்தபின் எந்த அதிகாரி மெனக்கெடுவார்?

அந்தக் குழந்தையின் பெற்றோரை எண்ணிப் பாருங்கள். எட்டாண்டுகளுக்குப் பிறகு அவர்கள் கையில் என்ன இருக்கிறது? வழக்கறிஞர் வைத்துக்கொடுத்து, சாட்சியங்களை ஒழுங்காக நிறுவியிருந்தால், குற்றம் செய்தவன் யாராக இருந்தாலும் இன்று உள்ளே இருந்திருப்பான். குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரிமை கொடுப்பது கொலைகாரனுக்குச் செய்யும் சலுகை என்று வாதாடுவோர் இந்த வழக்குக்கு என்ன பதில் சொல்வார்கள்?

நம் சமுதாயத்துக்கு இது புதிய பாடம் அல்ல. கோவை குண்டுவெடிப்பு வழக்கில் அப்துல் நாசர் மதனி ஒன்பது ஆண்டுகள் சிறையில் கிடந்து 2007இல் நிரபராதி என்று வெளியே வந்ததை நாம் பார்த்தோம். அதைவிடக் கொடியது குஜராத் அக்ஷர்தாம் வழக்கு. 2002 செப்டம்பர் 24 அன்று அந்தக் கோயிலில் 30க்கும் மேற்பட்ட அப்பாவிகள் கொல்லப்பட்டது மாபாதகம். ஏறத்தாழ ஓராண்டு கழித்துச் சிலரைப் பிடித்து வந்தார்கள். பொடா நீதிமன்றம் 2006இல் மூவருக்குத் தூக்கு விதித்தது. அவர்களில் முஃப்தி அப்துல் கையூமும் ஒருவர். 2010இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்ததோடு, புலனாய்வையும் கடுமையாகக் கண்டித்தது. அன்றுதான் நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்த நாள். எந்தத் தொலைக்காட்சிக்கு இதைச் சொல்ல நேரம் இருந்தது? போன ஆண்டுகளுக்கு இழப்பீடு கேட்டார்கள். 2016இல் அதுவும் மறுக்கப்பட்டது.

மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கையும் பாருங்கள். 2006இல் 180க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2015இல் ஐவருக்குத் தூக்கு, எழுவருக்கு ஆயுள். 2025 ஜூலை 21 அன்று மும்பை உயர் நீதிமன்றம் பன்னிருவரையும் குற்றமற்றவர்கள் என்றது. தூக்கு விதிக்கப்பட்டவர்களில் ஒருவர் 2021லேயே சிறையில் இறந்துவிட்டார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. விடுதலையானவர்களை மீண்டும் சிறைக்கு அனுப்ப உச்ச நீதிமன்றம் மறுத்தாலும், அந்தத் தீர்ப்பை வேறு வழக்குகளில் முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது என்று தடை விதித்தது.

இவற்றையெல்லாம் சொல்லிக் கண்ணீர் வடிக்கிறோம். சரி. பேரறிவாளன் வழக்கு நம் வழக்காகப் பட்டதா? இரண்டு பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பதே அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. தடா சட்டத்தில் போலீஸ் அதிகாரி எழுதிக்கொண்ட வாக்குமூலமே சாட்சியம். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக, அதைப் பதிவு செய்த மத்திய புலனாய்வுத் துறை அதிகாரியே ஓய்வு பெற்றபின் 2013இல் வெளிப்படையாகக் கூறினார். 2011 செப்டம்பர் 9 என்று தூக்குக்கு நாளே குறித்தாகிவிட்டது. உயர் நீதிமன்றத் தடை மட்டும் வராதிருந்தால்? 2014இல் தூக்கு ஆயுளாகி, 2022 மே 18 அன்று அவர் விடுதலையானார். முப்பத்தொரு ஆண்டுகள் அற்புதம்மாள் என்ற தாய் படியேறாத வாசல் இல்லை. மதனிக்காகக் கூட்டம் போட்ட நாம் அந்தத் தாய்க்காக எத்தனை கூட்டம் போட்டோம்?

"மார்க்கத்தில் மரண தண்டனை இருக்கிறதே, நாம் எப்படி எதிர்ப்பது?" என்று சில சகோதரர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பாதியை மட்டும் எடுத்துப் பேசக் கூடாது. சந்தேகம் எழுந்தால் தண்டனையை விலக்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் பொதுவிதி. அடித்து வாங்கிய ஒப்புதலுக்கு அங்கே மதிப்பு இல்லை. கொலை வழக்கில் மன்னிக்கும் உரிமை கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு உண்டு. கோழிக்கோட்டு அப்துல் ரஹீமுக்கு சவூதியில் விதிக்கப்பட்ட மரண தண்டனை 2024 ஜூலையில் ரத்தானது எப்படி? குடும்பம் மன்னிக்க இசைந்தது. கேரள மக்கள் சாதி மதம் பாராமல் 34 கோடி ரூபாய் திரட்டித் தந்தார்கள். இந்திய நீதிமன்றத்தில் அப்படி மன்னிக்கும் உரிமை குடும்பத்துக்கு இல்லை. இங்குள்ள தூக்கு தடா, பொடா வாக்குமூலங்களின் மேல் கட்டப்பட்டது. இதற்கு மார்க்கத்தின் முத்திரையை நாம் ஏன் குத்த வேண்டும்?

யார் தூக்கு மேடைக்கு அனுப்பப்படுகிறார்கள் என்பதையும் பாருங்கள். தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, தூக்குக் கைதிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வறியவர்கள். நல்ல வழக்கறிஞருக்குப் பணம் கட்ட முடிந்தவன் அந்தப் பட்டியலில் அபூர்வம். விடுதலை செய்யப்பட்ட மனிதனுக்குப் போன ஆண்டுகளைத் திருப்பித் தர முடியாது, ஆனாலும் அவன் வீட்டுக்காவது வருகிறான். தூக்கிலிட்ட பிறகு எந்த உச்ச நீதிமன்றம் திருத்த முடியும்? இந்தப் போலீசையும் இந்தப் புலனாய்வையும் வைத்துக்கொண்டு கயிற்றை அரசின் கையில் கொடுப்பது பேராபத்து என்பதே எமது கருத்து. ஆயுள் தண்டனை இருக்கிறது. அது போதும்.

இளைஞர்களே, நாளை நம் வட்டாரத்தில் யாராவது கைதானால், அவர் பெயர் எதுவாக இருந்தாலும், கேட்க வேண்டியவை தயாராக இருக்கின்றன. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தவைதாம் பலவும். கைது செய்த நேரமும் இடமும் எழுதி, குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்திட்டார்களா? உறவினருக்குத் தகவல் போனதா? 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்த்தாரா? 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தினார்களா? வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் விழுப்புரம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு மனு போனதா? பாதிக்கப்பட்ட குடும்பத்தோடும் போய் நில்லுங்கள். தடயங்கள் முறையாகச் சேகரிக்கப்பட்டனவா, குற்றப்பத்திரிகை காலத்தில் தாக்கலானதா என்று அவர்களுக்காகவும் கேளுங்கள்.

வணிகப் பெருமக்களே, இந்தக் கேள்விகளை ஒரு தாளில் அச்சடித்துக் கடைதோறும் ஒட்ட, ஒரு நாள் வியாபாரத்தின் லாபம்கூட ஆகாது. ஜமாஅத்தார் முன்வந்தால் வரும் ஜும்ஆவுக்கு முன்பே முடித்துவிடலாம்.