சுரங்கக் கிராமத்துப் பிள்ளைகளும் நாம் சொல்லும் பழங்கதைகளும்

பெரியவர்கள் தம் இளமைக்காலத்தைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது எல்லாச் சமுதாயங்களிலும் உள்ள நல்வழக்கம். நம் இல்லங்களிலும் இரவு உணவுக்குப் பின் அப்பேச்சு எழுவதுண்டு. "அந்தக் காலத்தில் எங்களிடம் ஒன்றும் இல்லை, ஆனாலும் நிம்மதியாக இருந்தோம். வறுமைதான் எங்களை ஒழுங்காக வளர்த்தது" என்று அது முடியும். இவ்வாசகத்தின் முற்பகுதி உண்மையாக இருக்கலாம். பிற்பகுதி சரிதானா என்பதே நம் கேள்வி.

சொந்த வீட்டுக் கதையை எடைபோடுவது கடினம். ஆகவே, நமக்கு வெகு தொலைவில் உள்ள ஓரிடத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்தின் சுரங்கக் கிராமங்களில் வளர்ந்தோர் தம் பிள்ளைப் பருவத்தை நிறையவே பதிவு செய்து வைத்துள்ளனர். அந்நினைவுகளை விருப்பு வெறுப்பின்றி நம்மால் நோக்க இயலும்.

லனார்க்‌ஷயர், அயர்ஷயர், பைஃப் ஆகிய பகுதிகளில், சுரங்க வாயிலை ஒட்டி வரிசை வரிசையாகச் சிறு வீடுகள் இருந்தன. பெரும்பாலானவை ஓர் அறை அல்லது ஈரறை வீடுகள். சுவரில் குடைந்த மாடம் போன்ற இடத்தில் படுக்கை. அதில் பிள்ளைகள் நெருக்கியடித்து உறங்குவர். தண்ணீருக்குப் பொதுக்குழாய்; பல குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரே கழிப்பிடம். கரி படிந்த முகத்தோடு தந்தை வீடு திரும்புவார். அடுப்பின் முன் தகரத் தொட்டியில் வெந்நீர் ஊற்றி, அவர் முதுகைத் தாய் தேய்த்துவிடுவார். அண்டை வீட்டுக் கதவுகள் தாழிடப்படாமல் இருக்கும். ஒரு வீட்டில் நோய் என்றால் அடுத்த வீட்டிலிருந்து கஞ்சி வரும். இந்நினைவுகளைச் சொல்வோர் குரலில் ஏக்கம் தொனிப்பது இயல்பே.

ஆயின், அதே பிள்ளைகள் மற்றொன்றையும் கற்றிருந்தனர். சுரங்கத்தின் சங்கு நேரமல்லாத நேரத்தில் ஒலித்தால் அதன் பொருள் என்ன என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1877 அக்டோபர் 22 அன்று பிளாண்டையரில் நிகழ்ந்த வெடிவிபத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீடுகள் சுரங்க நிறுவனத்துக்கே சொந்தமானவை. உழைப்பவர் இல்லாத குடும்பத்துக்கு அங்கே இடமில்லை. ஆகவே, கணவரை இழந்த பெண்கள் சிலர் அடுத்த ஆண்டே நீதிமன்ற ஆணையின் வழியாக வெளியேற்றப்பட்டனர். இத்துயரம் பழங்காலத்தோடு முடிந்துவிடவுமில்லை. 1959 செப்டம்பர் 18 அன்று ஆக்கன்கீக் சுரங்கத் தீயில் 47 பேர் உயிரிழந்தனர். அன்று தந்தையை இழந்த பிள்ளைகளின் நினைவில் அக்கிராமம் எவ்வாறு பதிந்திருக்கும்!

இன்னும் பின்னோக்கிச் சென்றால் 'வறுமை வளர்த்தது' என்னும் கூற்று மேலும் தளர்கிறது. 1606ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஸ்காட்லாந்தின் நிலக்கரித் தொழிலாளர்களை அவர்தம் முதலாளிகளோடு பிணைத்தது. முதலாளியின் இசைவின்றி அவர்கள் வேறிடம் செல்ல முடியாது. குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்விக்கும் நாளில் முதலாளி பெற்றோரிடம் ஒரு சிறு தொகையைக் கொடுப்பதும், அதன் வழியாக அக்குழந்தையே அச்சுரங்கத்துக்கு உரியதாகிவிடுவதும் வழக்கமாக இருந்தன. குழந்தை ஓர் அமானிதம் என்று சொல்லி வளர்ந்த நமக்கு இதைப் படிக்கவே நெஞ்சு நடுங்குகிறது. 1775இல் ஒரு சட்டம் இப்பிணைப்பைத் தளர்த்தியது. 1799இல் மற்றொரு சட்டம் அதை முற்றாக அறுத்தது.

பிணைப்பு அறுந்த பின்னும் பிள்ளைகள் சுரங்கத்தில்தான் இருந்தனர். 1842இல் வெளியான அரசு விசாரணைக்குழுவின் அறிக்கையில் எல்லிசன் ஜாக் என்னும் 11 வயதுச் சிறுமியின் வாக்குமூலம் உள்ளது. லோன்ஹெட் என்னும் ஊரின் சுரங்கத்தில் நிலக்கரியை முதுகில் சுமந்து ஏணிகளில் ஏறியவள் அவள். பின்னிரவு இரண்டு மணிக்குத் தந்தை அவளைச் சுரங்கத்துக்குள் அழைத்துச் செல்வார். மறுநாள் பகலில்தான் மேலே வருவாள். அத்தந்தை கொடியவர் என்று நாம் கருத வேண்டியதில்லை. குடும்பம் முழுவதும் சுமந்தால்தான் அடுப்பெரியும் என்னும் நிலையில் அவர் இருந்தார். அவ்வாண்டே இயற்றப்பட்ட சட்டம், பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடுத்தது.

பத்து வயது நிறைந்த சிறுவனுக்கு அச்சட்டம் உதவவில்லை. லனார்க்‌ஷயரில் 1856இல் பிறந்த கீர் ஹார்டி, பத்து வயதில் சுரங்கத்துள் சென்றார். காற்றோட்டத்துக்கான கதவைத் திறப்பதும் மூடுவதுமே அவர் பணி. நாள் முழுதும் இருட்டில் அமர்ந்திருக்க வேண்டும். பின்னாளில் அவர் சுருக்கெழுத்துப் பழகியதும் சுரங்கத்துள்தான். விளக்கின் புகையால் கல்லைக் கருக்கி, அதன்மேல் ஊசியால் கீறிப் பழகினார். 1892இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். பின்னர், தொழிற்கட்சியின் முதல் நாடாளுமன்றத் தலைவருமானார். இதைக் கேட்டு, "பார்த்தாயா, கஷ்டப்பட்டவன் முன்னுக்கு வந்தான்" என்று பிள்ளையிடம் சொல்ல நம் நா துடிக்கும். அதே இருட்டில் அமர்ந்திருந்து, பெயர் தெரியாமல் போன ஆயிரமாயிரம் சிறுவர்களை அவ்வாக்கியம் மறைத்துவிடுகிறது. ஹார்டியே தம் வாழ்நாளை, பிற பிள்ளைகளுக்கு அந்த இருட்டு வேண்டாம் என்பதற்காகத்தான் செலவிட்டார்.

அப்படியாயின், நினைவுகளில் காணும் அந்த நற்பண்புகள் எங்கிருந்து வந்தன? மனிதர்கள் திட்டமிட்டு, கூடிப்பேசி, தம் கைப்பொருளைச் சேர்த்து அவற்றை உருவாக்கினர் என்பதே நம் துணிபு.

லெட்ஹில்ஸ் என்னும் மலைக்கிராமத்தைப் பாருங்கள். அது ஈயச் சுரங்கக் கிராமம். அங்கே 1741ஆம் ஆண்டிலேயே சுரங்கத் தொழிலாளர்கள் சந்தா செலுத்தி ஒரு நூலகம் அமைத்தனர். பிரிட்டனின் மிகப் பழைய சந்தா நூலகமாக அது அறியப்படுகிறது. நிலக்கரிக் கிராமங்களிலோ கூட்டுறவுக் கடைகளும், தொழிற்சங்கங்களும், ஊர் இசைக்குழுக்களும் எழுந்தன. 1920இல் வந்த சட்டத்தின்படி, வெட்டியெடுக்கப்பட்ட ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஒரு பென்னி வீதம் தொழிலாளர் நலநிதிக்குச் சேர்ந்தது. மன்றங்களும் விளையாட்டுத் திடல்களும் அதிலிருந்து உருவாயின. நாளடைவில் சுரங்க வாயிலிலேயே குளியலறைகளும் வந்தன. தாய் வெந்நீர் சுமந்து தொட்டி நிரப்பிய அந்த 'இனிய' காட்சிக்கு முடிவு கட்டியவை இக்குளியலறைகளே. அதற்காக அத்தாய்மார் வருந்தியிருப்பார்களா?

பைஃப் பகுதியின் லாக்கெல்லியில் 1904இல் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்த ஜென்னி லீயின் வாழ்வும் இதற்குச் சான்று. அரசியலும் நூல்களும் பேசப்பட்ட வீட்டில் வளர்ந்த அவர், கார்னகி அறக்கட்டளையின் உதவியும் பெற்று எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்றார். 24 வயதில் நாடாளுமன்றம் சென்றார். பின்னாளில் அமைச்சராகி, வேலையை விட முடியாதவர்களும் வீட்டிலிருந்தே பட்டம் பெறத்தக்க திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவாகப் பெரிதும் பாடுபட்டார். 1969இல் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. தமக்குத் திறந்த கதவை மற்றவர்க்கும் திறந்து வைத்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

நேர்மையாக நினைவுகூர்வது எப்படி என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கால்பந்துப் பயிற்சியாளராகப் புகழ்பெற்ற பில் ஷாங்க்லி, 1913இல் அயர்ஷயரின் கிளென்பக் கிராமத்தில் பிறந்தார். பத்துப் பிள்ளைகள் கொண்ட குடும்பம். சகோதரர் ஐவரும் தொழில்முறை ஆட்டக்காரர்களாயினர். அவர் தம் தன்வரலாற்றில் ஊரின் தோழமையைப் போற்றுகிறார். அதே நூலில், குளிர்காலப் பசியையும், தோட்டங்களிலிருந்து காய்கறியும் வண்டிகளிலிருந்து ரொட்டியும் திருடியதையும், சுரங்கத்தின் அழுக்கையும் எலிகளையும் மறைக்காமல் எழுதுகிறார். தோழமையைச் சொல்வதற்காகப் பசியை அழகுபடுத்தவில்லை. இன்று கிளென்பக்கில் அவருக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. அந்தப் பழைய கிராமமோ ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஸ்காட்லாந்தின் கடைசி ஆழ்நிலை நிலக்கரிச் சுரங்கமும் 2002இல் மூடப்பட்டது.

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே! இதில் நமக்குள்ள பொறுப்பு சிறிதன்று. 'வறுமைதான் வளர்த்தது' என்று ஓயாமல் கேட்கும் பிள்ளையின் உள்ளத்தில் இரண்டு தீங்குகள் நேரும். தனக்குக் கிடைத்த வசதியே ஒரு குற்றம்போல் தோன்றி, நம் பேச்சைக் கேட்க அது மறுக்கத் தொடங்கும். இன்று வறுமையில் உழலும் மற்றொரு பிள்ளையைக் கண்டால், "கஷ்டம் நல்லதுதானே" என்று கடந்து செல்லவும் பழகிவிடும். பின்னது முன்னதைவிடக் கொடியது.

ஆகவே, கதையை முழுமையாகச் சொல்வோம். பசித்தது என்றால் பசித்தது என்றே சொல்வோம். அப்பசியின் நடுவிலும் கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டார் யார், பள்ளிக் கட்டணம் கட்ட உதவியவர் யார், தம் படிப்பை நிறுத்தித் தம்பியைப் படிக்க வைத்த அக்கா யார் என்பதையும் பெயர் சொல்லி உரைப்போம். ஸ்காட்லாந்தின் சுரங்கத் தந்தையர் பலர், "என் மகன் இந்தக் குழிக்குள் இறங்கக் கூடாது" என்னும் வைராக்கியத்தோடுதான் நாள்தோறும் தாம் இறங்கினர். நம் பெற்றோரின் உழைப்புக்குப் பின்னும் அதே எண்ணம் இருந்தது. பிள்ளைகளின் கையில் நாம் சேர்க்க வேண்டியது அந்த எண்ணத்தைத்தான்.